பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லையா?

கம்ப்யூட்டரை ஆன் செய்கிறீர்கள். விண்டோஸ் வரவில்லை. ஃபார்மட் செய்துதான் ஆக வேண்டும் என்கிறார் சர்வீஸ் செய்பவர். ஹார்ட் டிஸ்க்கிலோ குடும்பப் போட்டோக்கள் இருக்கின்றன. இந்த நேரத்தில் கை கொடுப்பது பூட்டபிள் பென் டிரைவ். வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் இதைத் தயாரிக்க வேண்டும். மென்பொருள் துறையில் இருப்பதால் நண்பர்கள் பலர் இது பற்றி என்னிடம் கேட்பார்கள். அவர்களுக்கு வந்த சிக்கல்களையும் தீர்வுகளையும் பார்ப்போமா?

1. ஐஎஸ்ஓ பைலைக் காப்பி செய்தும் பூட் ஆகவில்லை

பலரும் செய்வது இதுதான். ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு டிஸ்க்கின் நகல். அதை அப்படியே காப்பி செய்தால் பென் டிரைவில் ஒரு பைல் கூடும், அவ்வளவுதான். ரூஃபஸ் என்ற இலவச புரோகிராமை இயக்கி, செலக்ட் பட்டனில் ஐஎஸ்ஓ பைலைக் காட்டி, ஸ்டார்ட் பட்டனைக் கிளிக் செய்யுங்கள். விண்டோஸுக்கு 8 ஜிபி பென் டிரைவாவது வேண்டும்.

2. எந்த டிரைவ் அழியும்?

ஸ்டார்ட் பட்டனைக் கிளிக் செய்தால் தேர்ந்தெடுத்த டிரைவில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். எனவே மற்ற பென் டிரைவ்களையும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கையும் முதலில் கழற்றிவிடுங்கள். டிரைவின் பெயரையும் அளவையும் இருமுறை பாருங்கள்.

3. பென் டிரைவைச் செருகியும் பழைய திரையே வருகிறது

கம்ப்யூட்டர் முதலில் ஹார்ட் டிஸ்க்கையே தேடுகிறது. ஆன் செய்தவுடன் பூட் மெனு கீயை விட்டுவிட்டு அழுத்துங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. வரும் பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

4. பட்டியலில் பென் டிரைவே இல்லை

முதலில் வேறு யுஎஸ்பி போர்ட்டில் செருகிப் பாருங்கள். பிறகு ரூஃபஸில் பார்ட்டிஷன் ஸ்கீமைக் கவனியுங்கள். 2012-ல் விண்டோஸ் 8 வெளியான பின் வந்த கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் யுஇஎஃப்ஐ இருக்கும். அதற்கு ஜிபிடி. பழைய பயாஸ் உள்ளவற்றுக்கு எம்பிஆர். மாற்றியபின் மீண்டும் தயாரிக்க வேண்டும்.

5. பாதியில் எர்ரர் வந்து நிற்கிறது

டவுன்லோடு பழுதாகியிருக்கலாம். ஐஎஸ்ஓ பைலின் ஷா-256 எண்ணை, அதை வெளியிட்டவர்கள் தந்துள்ள எண்ணுடன் ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் மீண்டும் டவுன்லோடு செய்யுங்கள். எண் சரியாக இருந்தால் பென் டிரைவை மாற்றிப் பாருங்கள்.

போட்டோக்களை மீட்பது எப்படி?

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் ஐஎஸ்ஓவைக் கொண்டு பென் டிரைவைத் தயாரியுங்கள். அதிலிருந்து பூட் செய்தால், எதையும் இன்ஸ்டால் செய்யாமலே டெஸ்க்டாப் வரும். இன்ஸ்டால் ஐகானைத் தொட வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து, போட்டோக்களை எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்குக் காப்பி செய்து கொள்ளலாம். பிட்லாக்கர் உள்ள டிஸ்க் என்றால் ரெகவரி கீ தேவைப்படும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் சேமிக்கப்பட்டிருக்கும். ஹார்ட் டிஸ்க்கில் கடகடவென்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு, டேட்டா மீட்பவர்களிடம் கொடுங்கள்.

எல்லாம் காப்பி ஆனபின் ஃபார்மட் செய்யலாம். கம்ப்யூட்டர் நன்றாக இயங்கும்போதே இப்படி ஒரு பென் டிரைவைத் தயாரித்து, பூட் ஆகிறதா என்று ஒருமுறை சோதித்து வைத்துக் கொள்ளுங்கள்.