இழையத் தயாரிப்பும் சாயமேற்றலும்

குருநகர் இறங்குதுறைக்கு வரும் மீனுக்கு ஐஸ் இடுவதை நீங்கள் அறிவீர்கள். ஐஸ் பழுதடைதலைத் தாமதப்படுத்தும், முற்றாக நிறுத்தாது. அம்மீனின் பூக்களை நுணுக்குக்காட்டியில் ஆராயும் பல்கலைக்கழக ஆய்வாளருக்கு இது போதாது. கலங்கள் உயிருடன் இருந்தபோதுள்ள அமைப்பு மாறாதிருத்தல் வேண்டும். இதற்கான கருவிகள் எல்லா ஆய்வாளரிடமும் இருப்பதில்லை. எனவே மாதிரியை இழையவியல் ஆய்வுகூடத்தில் ஒப்படைத்து, தயாரித்த வழுக்கிகளைப் பெறுவர்.

படிமுறைகள்

1. நிலைப்படுத்தல்: 10% போர்மலின் கரைசலில் இடல். புரதங்கள் பிணைக்கப்படுவதால் அழுகல் நிற்கும். இப்பயன்பாட்டை 1893 இல் ஜேர்மனியரான பேர்டினன்ட் புளூம் எடுத்துக்காட்டினார்.

2. நீரகற்றல்: செறிவு படிப்படியாகக் கூடும் எதனோலில் இடல்.

3. தெளிவாக்கல்: எதனோலை அகற்றிச் சைலீனை உட்செலுத்தல். மெழுகு சைலீனுடன் நன்கு கலக்கும், எதனோலுடன் கலக்காது.

4. பதித்தல்: உருகிய பரபின் மெழுகை ஊடுருவவிட்டு இறுகச் செய்தல்.

5. வெட்டுதல்: மைக்கிரோட்டோம் கருவியால் ஏறத்தாழ 5 மைக்கிரோமீற்றர் தடிப்பில் வெட்டல். இத்தகைய 200 வெட்டுக்களை அடுக்கினாலே 1 மில்லிமீற்றர் வரும்.

6. சாயமேற்றல்: மெழுகை அகற்றி, மீண்டும் நீரூட்டிச் சாயத்தில் இடல்.

சாயம் ஏன்?

பெரும்பாலான கலங்கள் நிறமற்றவை. ஹேமடொக்சிலின், படிகாரத்துடன் சேர்ந்து மூலச் சாயம் போலத் தொழிற்பட்டு, கருவிலுள்ள நியூக்கிளிக்கமிலத்துடன் இணைந்து நீல ஊதா நிறம் தரும். இயோசின் அமிலச் சாயம். குழியவுருவின் புரதங்களுடன் இணைந்து இளஞ்சிவப்பு நிறம் தரும்.

கவனிக்க: புற்றுநோய்ச் சந்தேகத்தில் நோயாளியிடமிருந்து எடுக்கும் சிறு துண்டுக்கும் இதே முறையே. அதனைப் போர்மலினுக்குப் பதிலாக வெறும் நீரில் இட்டால், பிரசாரணத்தால் நீர் உட்புகுந்து கலங்கள் வீங்கிச் சிதையும். நோயைத் தீர்மானிக்க முடியாமற் போகலாம். நோயாளி மீண்டும் வெட்டுக்கு உட்பட நேரிடலாம். பெயர்ச்சுட்டி மாறினாலோ ஒருவரின் நோய் இன்னொருவருடையதாகிவிடும். படிமுறைகளை ஒழுங்கு மாறாது கற்பதன் அவசியம் இதுவே.

மாதிரி வினா

வெங்காய மேற்றோலை மெழுகில் பதிக்காமலே அயடீன் இட்டு அவதானிக்கலாம். மீனின் ஈரலை அவ்வாறு அவதானிக்க முடியாது. காரணம் தருக.

விடை: வெங்காய மேற்றோல் ஒரு கலத் தடிப்புடையது; ஒளி அதனூடு செல்லும். ஈரலில் கலங்கள் பல படைகளாக உள்ளன. மெல்லிதாக வெட்டினாலன்றி ஒளி செல்லாது. மென்மையான ஈரலை அவ்வாறு வெட்டுவதற்கு மெழுகு உறுதியளிக்கும்.

(காரணம் இரண்டையும் எழுதினாலே விடை பூரணமாகும். ஒன்றுடன் நிறுத்த வேண்டாம்.)