அக்குள் எரிச்சல்: கற்றாழை மட்டும் போதுமா?

காலை அவசரத்தில் அக்குளை ஷேவ் செய்த கையோடு ரோல்-ஆனை உருட்டிவிட்டு, கையைத் தூக்கியபடி மின்விசிறிக்கு அடியில் நின்ற அனுபவம் பலருக்கும் இருக்கும். ‘கற்றாழை சேர்த்தது என்று பாட்டிலிலேயே போட்டிருக்கிறதே, பிறகு ஏன் இப்படிக் காந்துகிறது?’ கேள்வி நியாயமானது. விடை தெரிய வேண்டுமானால் சில நம்பிக்கைகளை உரசிப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: வியர்வைக்குப் பூசுவதெல்லாம் ஒன்றுதான்.

உண்மை: டியோடரன்ட் நாற்றத்தை மட்டும் கவனிக்கும். ஆன்டிபெர்ஸ்பிரன்ட் வியர்வையையே குறைக்கும். அதிலுள்ள அலுமினிய உப்பு வியர்வையோடு சேர்ந்து கூழாகி, வியர்வைக் குழாயின் வாயைத் தற்காலிகமாக அடைக்கிறது. அந்த உப்பு அலுமினியம் குளோரைடாக இருந்தால், ஈரம் பட்டதும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகும். காந்தல் தொடங்குவது அங்கேதான். 1912-ல் அமெரிக்காவின் அட்லான்டிக் சிட்டி கண்காட்சியில் எட்னா மர்ஃபி என்ற இளம்பெண் கடைபோட்டு விற்ற, இதே உப்பு கலந்த ‘ஓடோரோனோ’ பூச்சு வியர்வையை நன்றாகவே நிறுத்தியது; கூடவே தோலைப் புண்ணாக்கியது, துணியையும் அரித்தது.

நம்பிக்கை: இதமூட்டும் பொருள் என்பது வெறும் விளம்பரம்.

உண்மை: அலுமினியம் குளோரைடின் அந்த அமிலத்தை அடக்க அன்றே முயற்சிகள் நடந்தன. ஜூல்ஸ் மான்டெனியர் என்பவர் 1941-ல் பெற்ற காப்புரிமை, அமிலத்தின் வீரியத்தைத் தணிக்கும் முறைக்கானது. இன்று கிளிசரின் ஈரப்பதத்தைப் பிடித்து வைக்கிறது. டைமெதிக்கோன் தோல்மேல் மெல்லிய படலமாக நிற்கிறது. அலன்டாயின், பாந்தனால், சாமந்தி இனத்துக் கெமோமிலில் உள்ள பிசாபொலால் ஆகியவை தோலை ஆற்றுகின்றன. நைசாக அரைத்த ஓட்ஸ் அரிப்பைத் தணிக்கும். ஆனால் அளவு முக்கியம். லேபிளில் பொருள்கள் பொதுவாக அளவு குறையும் வரிசையில் வரும். கற்றாழை கடைசி வரியில் இருந்தால் அது பெயருக்குத்தான்.

நம்பிக்கை: அரிப்பு வந்தால் அலுமினியம்தான் குற்றவாளி.

உண்மை: ஒவ்வாமை என்றால் முதல் சந்தேகம் வாசனைப் பொருள்மீதுதான், புரொப்பிலீன் கிளைக்காலும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. சாதாரண எரிச்சல் தடவிய சற்று நேரத்தில் காந்தும். ஒவ்வாமை ஓரிரு நாள் கழித்து அரிப்பும் தடிப்புமாக வரும். ஒவ்வாத பொருள் உள்ளே இருக்கும்வரை எந்த இதமூட்டியும் தோலைக் காப்பாற்றாது. ‘அன்சென்ட்டட்’ என்பதை நம்பிவிடவும் கூடாது. வாடையை மறைக்க அதிலும் மணம் சேர்த்திருக்கலாம். ‘ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்றிருப்பதைத் தேடுங்கள்.

நம்பிக்கை: படிகாரம், எலுமிச்சை, சமையல் சோடா எல்லாம் இயற்கை, கெடுதல் இல்லை.

உண்மை: படிகாரமே பொட்டாசியம் அலுமினியம் சல்ஃபேட்தான், அலுமினியத்துக்குப் பயந்து அதற்கு மாறுவதில் பொருளில்லை. தோலின் பிஎச் அளவு 5-ஐ ஒட்டியது. எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டிய கடும் புளிப்பு. சமையல் சோடாக் கரைசல் 8-ஐத் தாண்டிய காரம். இரண்டுமே தோலைச் சீண்டும். தோட்டத்துக் கற்றாழையிலும் கவனம் தேவை. மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் எரிச்சல் தரும். கற்றாழைச் சோற்றை ஏழு தண்ணீரில் அலசச் சொன்ன பாட்டிகள் சும்மா சொல்லவில்லை.

நம்பிக்கை: குளித்த உடனே பூசினால்தான் பிடிக்கும்.

உண்மை: ஈரத் தோலில்தான் அமிலத்துக்குக் கொண்டாட்டம். ஆன்டிபெர்ஸ்பிரன்டை இரவில், அக்குள் நன்றாக உலர்ந்த பிறகு பூசுங்கள். தூக்கத்தில் வியர்வை குறைவு என்பதால் உப்பு தங்கி வேலை செய்யும். காலையில் கழுவினாலும் பலன் போய்விடாது. ஷேவ் செய்த அன்று பூச்சுக்கு விடுமுறை விடலாம். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் ஆற நேரம் கிடைக்கும். புதிய பாட்டில் வாங்கினால், ஒரு வாரம் முழங்கையின் உள்மடிப்பில் தினமும் இருவேளை தடவிப் பார்த்துவிட்டு அக்குளுக்குக் கொண்டுபோங்கள்.

நம்பிக்கை: சிவந்தால் மருந்துக்கடையில் ஒரு கிரீம் வாங்கித் தடவினால் போதும்.

உண்மை: அந்த கிரீம் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்தது. வந்திருப்பது படர்தாமரையாக இருந்தால், முதலில் அடங்கியதுபோல் காட்டி, பிறகு அகலமாகப் பரவும். கண்ணாடி முன் கையைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பு அக்குள் குழிக்குள்ளேயே இருந்தால் பூச்சைச் சந்தேகிக்கலாம். குழியை விட்டுவிட்டு ஓரங்களில் மட்டும் இருந்தால் சட்டைச் சாயமாகவும் இருக்கலாம். வட்டமாக, விளிம்பு தடித்துப் பரவினால் படர்தாமரை. எதுவானாலும் பூச்சை உடனே நிறுத்துங்கள். இரண்டு வாரத்தில் ஆறவில்லையென்றால், பயன்படுத்திய பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதன் லேபிளைத்தான்.