மாதாந்த வயிற்றுநோ: தாங்கிக்கொள்வது மட்டுமா வழி?

மாதர் சங்கக் கூட்டங்களில் சுழற்சிக் கடன், கோழி வளர்ப்பு, கிணறு திருத்துதல் என எல்லாவற்றையும் தாராளமாகப் பேசுகிற தாய்மார், ஒரு விடயத்தை மாத்திரம் கூட்டம் முடிந்த பின்னர்தான் கேட்கிறார்கள். அதுவும் எம்முடன் வரும் அருட்சகோதரியைத் தனியே அழைத்துத்தான். மகள் மாதாமாதம் இரண்டு நாள் சுருண்டு படுத்துவிடுகிறாள், பள்ளிக்கூடம் போவதில்லை, சாப்பிட்டால் சத்தி எடுக்கிறாள், என்ன கொடுக்கலாம் என்பதே அந்தக் கேள்வி. இப்பக்கத்தில் இதை எழுதுவது சிலருக்குச் சங்கடமாகப் படலாம். ஆனால் மாதம் இரண்டு நாள் என்பது ஆண்டுக்கு இருபது நாளுக்கு மேல். க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளைக்கு அது சிறிய இழப்பல்ல. மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ அது அரைப்பேராகக் கூலியிலே தெரிகிறது. ஆகவே இது ஆண்களும் வாசிக்க வேண்டிய பாடம்.

நோ எங்கிருந்து வருகிறது?

ஒவ்வொரு மாதமும் கருப்பையின் உட்புறத்தில் மெத்தை போன்ற ஒரு படை வளர்கிறது. கரு உண்டாகாவிட்டால் அப்படை உடைந்து குருதியுடன் வெளியேறும். அது உடையும்போது புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் சுரந்து, கருப்பைத் தசையை இறுகச் சுருங்க வைக்கிறது. தசை இறுகும்போது அதனுள்ளே ஓடும் குருதிக் குழாய்களும் நெரிபடுகின்றன. குருதி குறைந்த தசை நோகும். இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்போது நோகிறதே, ஏறக்குறைய அதுபோல. இதே பொருள் குடலையும் முடுக்குவதால்தான் சிலருக்குச் சத்தியும், வயிற்றாலை போவதும், தலையிடியும் சேர்ந்து வருகின்றன. நோ அடிவயிற்றில் தொடங்கி நாரிக்கும் தொடைக்கும் இறங்கும்.

1935 இல் இப்பொருளுக்குப் பெயரிட்ட சுவீடன் நாட்டு அறிஞர் பொன் ஒய்லர், அது ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து வருவதாக எண்ணியே அப்பெயரை வைத்தார். பெண்களை இவ்வளவு வருத்தும் ஒன்றுக்கு ஆணின் உறுப்பின் பெயர் நிலைத்துவிட்டது வேடிக்கைதான். இப்பொருட்களை ஆராய்ந்த மூவருக்கு 1982 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. கடும் நோ உள்ள பெண்களில் இதன் அளவு கூடுதலாக இருப்பதும் அளந்து அறியப்பட்டிருக்கிறது. எனவே “நடிக்கிறாள்”, “செல்லம் கூடிப்போச்சு” என்று சொல்லும் வீடுகளில் இந்தப் பந்தியை யாராவது உரத்து வாசிக்க வேண்டும் என விரும்புகிறோம்.

தாய்மாரைக் குழப்பும் இன்னொன்றும் உண்டு. பிள்ளை பெரிய பிள்ளையான முதல் வருடம் ஒரு நோவும் இருந்திராது. பின்னர் திடீரெனத் தொடங்கும். முதல் மாதங்களில் பெரும்பாலும் சூலகத்திலிருந்து முட்டை வெளியேறுவதில்லை. அது ஒழுங்காக வெளியேறத் தொடங்கிய பின்னரே இந்நோ வருகிறது. யாருடைய கண்ணூறும் அல்ல. சாமத்தியச் சடங்கின்போது உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் குறைவாகக் கொடுத்ததன் விளைவும் அல்ல. அவை வளரும் பிள்ளைக்கு நல்ல உணவு, தொடர்ந்து கொடுங்கள். ஆனால் அவை இந்த நோவுக்கு மருந்தாகா.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலாவது சூடு. பாட்டிமார் செய்த ஒத்தணம் வெறும் ஆறுதல் அல்ல. 2001 இல் வெளியான ஓர் ஆய்வில், அடிவயிற்றில் ஏறக்குறைய 39 பாகை செல்சியசில் தொடர்ந்து வைக்கப்பட்ட மெல்லிய சூடு, ஐபுபுரோபென் குளிசைக்கு ஒத்த பலனைத் தந்தது. றப்பர் வெந்நீர்ப் பை வாங்க வசதியில்லாவிட்டால், கல்லுப்பையோ தவிட்டையோ சட்டியில் வறுத்துத் தடித்த துணியில் முடிந்துகொள்ளலாம். பழைய சாரத்துணியில் சிறு பை தைத்து அரிசி நிரப்பினால் மாதாமாதம் பயன்படும். முழங்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து, தாங்கக்கூடிய சூடாக இருந்தால் மட்டுமே வயிற்றில் வையுங்கள். 15 அல்லது 20 நிமிடம் வைத்து எடுத்துவிட்டுத் திரும்பவும் வைக்கலாம். வைத்தபடியே உறங்கிவிட்டால் தோல் வெந்துவிடும். கொதிநீரைச் சாராயப் போத்தலில் ஊற்றுவது வேண்டாம், கண்ணாடி வெடிக்கும்.

துடக்கு நாட்களில் தலைமுழுகக் கூடாது, குளிக்கவே கூடாது என்ற கட்டுப்பாடு சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. இளஞ்சூட்டு நீரில் குளிப்பது நோவைத் தணிக்கும், உடலையும் சுத்தமாக வைக்கும். பின்புற அறையில் பாயில் தனியே படுக்க விடுவதைவிட ஒரு வாளி சுடுநீர் காய்ச்சிக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

இஞ்சி சில ஆய்வுகளில் பலன் காட்டியிருக்கிறது. முதல் மூன்று நாட்களும் இஞ்சி அவித்த நீரையோ இஞ்சித் தேநீரையோ குடித்துப் பார்க்கலாம். கொத்தமல்லித் தண்ணீரைப் பிள்ளைக்குப் பிடித்தால் கொடுங்கள், தீங்கில்லை. உடற்பயிற்சியும் உதவக்கூடும்: வாரத்தில் மூன்று நாள், முக்கால் மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை உடலை அசைத்துப் பயிற்சி செய்யும் பெண்களுக்கு நோ குறையலாம். வலைப்பந்து, வேகநடை, சைக்கிள் ஓட்டம் எதுவாகவும் இருக்கலாம். விறகு சுமந்து தண்ணீர் அள்ளுகிற பெண்ணிடம் இதைச் சொன்னால் சிரிப்பாள், நியாயம்தான். பெரிய பிள்ளையானவுடன் விளையாட்டு மைதானத்திலிருந்து மறிக்கப்படுகிற மாணவிகளுக்கே இதைச் சொல்கிறோம்.

குளிசை எடுக்கும் முறை

பெரும்பாலானோர் நோ உச்சத்துக்குப் போன பின்னர், இனித் தாங்க முடியாது என்ற கட்டத்தில்தான் குளிசை போடுகிறார்கள். பிறகு “குளிசைக்கும் கேட்கவில்லை” என்கிறார்கள். ஐபுபுரோபென், மெபனமிக் அமிலம் ஆகியவை புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதைத் தடுக்கும் மருந்துகள். சுரந்து முடிந்ததை அவை அழிப்பதில்லை. ஆகவே நோவோ உதிரமோ தொடங்கும்போதே எடுத்து, முதல் இரண்டு மூன்று நாட்கள் ஒழுங்காகத் தொடர வேண்டும். வளர்ந்த பெண்ணுக்கு ஐபுபுரோபென் 200 முதல் 400 மில்லிகிராம் வரை, நாளுக்கு மூன்று முறை, சாப்பாட்டுக்குப் பின். வெறும் வயிற்றில் ஒருபோதும் வேண்டாம். முதன்முறை எடுக்குமுன் வைத்தியரிடமோ பாமசியிலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

வயிற்றுப்புண், தொய்வு, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இவை கூடாது. வவுனியா, அநுராதபுரம் பகுதிகளில் சிறுநீரக நோய் பரவலாக இருப்பதால் அங்குள்ளோர் கட்டாயம் கேட்டே எடுக்க வேண்டும். காய்ச்சல் இருந்தால் டெங்குவாக இருக்கக்கூடும். அப்போது இவை குருதிப்பெருக்கைக் கூட்டும். இவர்களெல்லாம் பனடோல் எடுக்கலாம். பலன் சற்றுக் குறைவு, ஆயினும் பாதுகாப்பானது. வளர்ந்தவர்களுக்கு ஒரு முறைக்கு இரண்டு, நாளுக்கு எட்டுக்கு மேல் போகக் கூடாது. மெலிந்த பிள்ளைகளுக்கு அதிலும் குறைக்க வேண்டும்.

இவற்றுக்கும் அடங்காவிட்டால் வைத்தியர் சில மாதங்களுக்குக் கர்ப்பத்தடைக் குளிசையை எழுதிக் கொடுப்பதுண்டு. கருப்பையின் உட்படை மெல்லியதாக வளர்வதால் நோ குறைகிறது. சில கத்தோலிக்கத் தாய்மார் பெயரைக் கேட்டதும் துண்டைக் கிழித்துவிடுகிறார்கள். பாப்பரசர் ஆறாம் பவுல் 1968 இல் வெளியிட்ட ‘ஹூமானே வீற்றே’ சுற்றுமடலின் 15 ஆம் பகுதி, நோயைக் குணப்படுத்தத் தேவையான சிகிச்சையைத் திருச்சபை தடுக்கவில்லை என்று தெளிவாகக் கூறுகிறது. பிள்ளையின் நோவுக்கு மருந்தாகக் கொடுக்கப்படுவதைப் பாவமென்று யாரும் பயமுறுத்த வேண்டியதில்லை.

“கலியாணம் கட்டி ஒரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும்” என்பதும் அடிக்கடி கேட்கும் ஆலோசனை. பிரசவத்தின் பின் பலருக்கு நோ குறைவது உண்மை. அதற்காகப் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைக்கு மாப்பிள்ளை தேடுவது வைத்தியமல்ல, அநியாயம்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

நோ ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போவது, மாதவிடாய் இல்லாத நாட்களிலும் வருவது, மலங்கழிக்கும்போதோ கணவனுடன் சேரும்போதோ நோவது ஆகியவை கருப்பையின் உட்படை போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே வளர்வதன் அறிகுறிகளாக இருக்கலாம். உலகில் ஏறக்குறைய பத்துப் பெண்களில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. கண்டுபிடிக்கப் பல வருடங்கள் எடுப்பதற்கு, “பெண் என்றால் அப்படித்தான்” என்ற பதிலும் ஒரு காரணம். ஏழு நாளுக்கு மேல் உதிரம் போனாலோ, மணித்தியாலத்துக்கு ஒருமுறை துணி மாற்ற வேண்டியிருந்தாலோ, காய்ச்சலுடன் துர்நாற்றம் இருந்தாலோ வைத்தியரைக் காணுங்கள். மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்குத் திடீரென ஒரு பக்கத்தில் கடும் நோவும் மயக்கமும் வந்தால், கரு குழாயில் தங்கியிருக்கலாம். அன்றே, அந்நேரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பெரிய பிள்ளையாகாமலே மாதாமாதம் வயிற்றுநோ வருகிற பிள்ளையையும் காட்டுங்கள். உதிரம் வெளிவர வழியின்றி உள்ளே தேங்கியிருக்கக்கூடும்.

1996 இல் தொடங்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக்குகள் முக்கியமாக 35 வயதைத் தாண்டியவர்களுக்கானவை. கர்ப்பிணிகளுக்கும் கிளினிக் உண்டு. இடையில் நிற்கும் பதினைந்து வயதுப் பிள்ளை எங்கே போவது என்று தெரியாமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் பேசுங்கள். போகும்போது வீட்டுக் கலண்டரில் மூன்று மாதக் குறிப்பு இருக்கட்டும்: உதிரம் தொடங்கிய நாள், நின்ற நாள், நோ இருந்த நாட்கள், எடுத்த குளிசை, பள்ளிக்கூடம் போகாத நாட்கள். நெரிசலான வெளிநோயாளர் பிரிவில் வைத்தியருக்குக் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் அந்தக் கலண்டர்த் தாளே அதிகம் சொல்லும்.