தகட்டைத் தாங்கும் கட்டை

சிறிய லெட்டர்பிரஸ் இயந்திரங்களில் ஈய எழுத்துக்குப் பதிலாக, ஒளி பட்ட இடம் மட்டும் இறுகி மேடாக நிற்கும் போட்டோபாலிமர் தகடு இன்று பெரிதும் பயன்படுவதால், அம்மெல்லிய தகட்டை ஈய எழுத்தின் உயரத்துக்குத் தூக்கிக் கொடுக்க ஓர் உலோகக் கட்டை தேவைப்படுகிறது. 'பேஸ்' எனப்படும் இக்கட்டையைப் பற்றி நிலவும் நம்பிக்கைகளுள் காகிதத்தை மிகுதியாகப் பாழாக்குவது, கட்டை சற்றுத் தாழ்ந்திருந்தாலும் பேக்கிங் வைத்துச் சரிக்கட்டிவிடலாம் என்பதாகும்.

பேக்கிங் என்பது அச்சிடும் தாளுக்குப் பின்னால் அடுக்கப்படும் காகிதங்களாதலால், அது தாளைத் தகட்டின் பக்கம் தள்ளுமேயன்றி மை உருளையைத் தள்ளாது. உருளையோ தன் தண்டவாளத்தின்மேல், பிரிட்டன், அமெரிக்க இயந்திரங்களில் எழுத்துயரமாகிய 0.918 அங்குலத்தை, அதாவது 23.32 மில்லிமீட்டரை, எதிர்பார்த்தே ஓடுகிறது. தகடு அதற்குக் கீழே நின்றால் உருளை அதைத் தொட்டும் தொடாமலும் கடந்துவிட, பேக்கிங்கைக் கூட்டக் கூட்டத் தாளில் பள்ளம் ஆழமாக விழுமே தவிர மை திட்டுத்திட்டாகவே நிற்கும். காகிதத்தைக் கட்டைக்கு அடியில் வைத்தால்தான் தகடு உருளைக்கும் தாளுக்கும் ஒருசேர உயரும்.

ஒரே கட்டை எல்லாத் தகட்டுக்கும் பொருந்தும் என்பதைக் கணக்கே மறுக்கிறது. 0.060 அங்குலத் தகட்டோடு 0.005 அங்குல ஒட்டுப்படலம் சேர்ந்தால் கட்டை 0.853 அங்குலம் இருக்க வேண்டும், 0.037 அங்குலத் தகட்டுக்கு ஏறக்குறைய 0.875 வேண்டும். தடித்த தகட்டை இந்த இரண்டாம் கட்டையில் ஒட்டினால் மொத்தம் 0.940 ஆகி, அரை மில்லிமீட்டருக்கு மேல் துருத்தும் எழுத்தின் பக்கவாட்டிலும் உருளை மையைத் தேய்த்துவிடும். ஐரோப்பியக் கண்டத்தின் பல இயந்திரங்களில் எழுத்துயரம் 23.56 மில்லிமீட்டர் என்பதால், பழைய கட்டை வாங்குவோர் விற்பவரின் சொல்லைவிட மைக்ரோமீட்டரை நம்புவது நல்லது.

பெரிய கட்டையே சிறந்தது என்பாரும் உண்டு. அடானா 8×5 இயந்திரத்தின் சேஸ், அதாவது அச்சுப்பொருளை இறுக்கும் இரும்புச் சட்டம், 8 அங்குலத்துக்கு 5 அங்குலமே. அதை முழுதும் அடைக்கும் கட்டை, இறுக்க உதவும் கோயினுக்கு இடம் விடாது; தாளின் விளிம்பை நிறுத்தும் கேஜ் பின்களும் அதில் மோதி நசுங்கக்கூடும்.

உலோகக் கட்டை சிறிய இயந்திரத்துக்குப் பாரம் என்னும் அச்சம் வீணானது. அதே பரப்பை நிரப்பும் ஈய எழுத்து அலுமினியக் கட்டையைப் போல் மும்மடங்குக்கு மேல் கனக்கும்.

மரமே போதும் என்னும் எண்ணம் துத்தநாக பிளாக்கை மரக்கட்டையில் ஆணியடித்து அச்சிட்ட காலத்திலிருந்து வருவது. போதும் என்பதும் பொய்யன்று. ஆனால் மரம் ஈரத்தை வாங்கி ஊதும் பொருளாதலால், சித்திரை வெயிலில் உயரத்துக்காக அடியில் ஒட்டிய காகிதத்தை ஐப்பசி மழையில் உரிக்க வேண்டியிருக்கும்.