மஞ்சள் அடித்தால் மட்டமா?

"கல்லுல மஞ்சள் அடிக்குது" என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும், நம் வீடுகளில் அந்தத் தோட்டை வாங்க மாட்டார்கள். அதே மஞ்சள் முற்றிப்போன கல்லுக்கு, வெள்ளைக் கல்லை விடக் கூடுதல் விலை கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் ஏமாறுவதற்கு நிறைய வாய்ப்பு உண்டு. நிற வைரங்களைப் பற்றி நம்மிடையே புழங்கும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: நிறம் என்றாலே குறை.

பாதி உண்மை. அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ., வெள்ளை வைரங்களை 'டி' முதல் 'இஸட்' வரை தரம் பிரிக்கிறது. டி என்றால் நிறமே இல்லை. எழுத்து இறங்க இறங்க மஞ்சளோ பழுப்போ கூடும், விலை குறையும். இஸட்டையும் தாண்டி நிறம் முற்றினால் கணக்கே மாறிவிடுகிறது. 'ஃபேன்சி லைட்', 'ஃபேன்சி', 'ஃபேன்சி இன்டென்ஸ்', 'ஃபேன்சி விவிட்' என்று படி ஏற ஏற விலையும் ஏறும். இளஞ்சிவப்பும் நீலமும் இஸட் வரை காத்திருக்க வேண்டியதில்லை. லேசாகத் தெரிந்தாலே 'ஃபெயின்ட்' என்ற கீழ்ப்படியில் இடம் கிடைத்துவிடும். நடுவில் மாட்டிக்கொள்வது வெள்ளையாகவும் இல்லாமல், மஞ்சளாகவும் இல்லாமல் வெளிறிக் கிடக்கும் கல்தான். அதை வேண்டாம் என்று சொன்ன பாட்டிமார் சொன்னது சரியே.

மதுரையின் மணிக்கடை வீதியை வர்ணிக்கும்போது சிலப்பதிகாரம் வைரத்தின் குற்றங்களைத் தனியாகவும் நால்வகை நிறங்களைத் தனியாகவும்தான் சொல்கிறது. நிறம் அங்கே குற்றப் பட்டியலில் இல்லை.

நம்பிக்கை: 'ப்ளூ ஜாகர்' என்பது நீல வைரம்.

தமிழ்நாட்டில் அதிகம் பேரைக் குழப்பும் விஷயம் இதுதான். பெயர் வந்தது தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபொன்டெய்ன் சுரங்கத்திலிருந்து. அங்கே கிடைத்த நல்ல வெள்ளைக் கற்கள் சில, பகல் வெளிச்சத்தில் லேசான நீலச் சாயலைக் காட்டின. கல் நீலம் அல்ல. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டு உள்ளிருந்து எழும் ஒளிர்வு அது. அந்தச் சுரங்கம் 1971-லேயே மூடப்பட்டுவிட்டது. இன்று கடையில் அந்தப் பெயரில் விற்பது கடைக்காரர் வைத்த தரப்பெயர். ஜி.ஐ.ஏ. சான்றிதழில் அப்படி ஒரு தரமே கிடையாது.

வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க முடியும். இருட்டறையில் வெள்ளை வைரத்தின் மேல் புற ஊதா விளக்கை அடித்தால் சில கற்கள் பளிச்சென்று நீலமாக ஒளிரும். பெரும்பாலும் விளக்கை அணைத்ததும் அதுவும் அணைந்துவிடும். இதற்குக் காரணம் கல்லுக்குள் குறிப்பிட்ட விதமாக அமர்ந்த நைட்ரஜன் அணுக்கள். உண்மையான நீல வைரத்துக்கு நிறம் தருவது போரான். அந்தப் போரானால் கல் ஓரளவு மின்சாரத்தையும் கடத்தும். வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 45.52 கேரட் ஹோப் வைரம், புற ஊதா விளக்கை அணைத்த பிறகும் தணல் போலச் சிவப்பாக ஒளிர்ந்துகொண்டிருக்கும். கோல்கொண்டா பகுதியின் கொல்லூரில் வெட்டியெடுத்ததாகக் கருதப்படும் கல் அது. (அதன் சாபக் கதைகளை விடுங்கள். விற்பனைக்கு மெருகேற்ற வியாபாரிகளும் பத்திரிகைகளும் ஊதிப் பெருக்கியவை.) சான்றிதழில் 'ஃப்ளோரசன்ஸ்' என்ற வரியில் 'ஸ்ட்ராங் ப்ளூ' என்று இருந்தால் அது ஒளிர்வைப் பற்றிய குறிப்பு. நிறத்துக்குத் தனி வரி இருக்கிறது; அதைப் பாருங்கள்.

நம்பிக்கை: நிற வைரம் எல்லாமே அபூர்வம்.

பத்தாயிரத்தில் ஒன்று என்று வியாபாரிகள் சொல்வார்கள். எந்த நிறம் என்று கேளுங்கள். பழுப்பும் மஞ்சளும்தான் ஓரளவு கிடைக்கக்கூடியவை. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கம் இதற்கு நல்ல உதாரணம். 1983-இல் தொடங்கி 2020 நவம்பரில் மூடப்பட்ட இந்தச் சுரங்கம்தான் உலகின் இளஞ்சிவப்பு வைரங்களில் 90 சதவீதத்துக்கு மேல் தந்தது. ஆனால் அங்கே தோண்டியதில் பெரும்பகுதி பழுப்புக் கல். வாங்க ஆள் இல்லாத அந்தப் பழுப்பை 'ஷாம்பெயின்', 'கோன்யாக்' என்று பெயர் சூட்டி விற்றார்கள். சூரத் பட்டறைகள் அவற்றைச் சல்லிசாகப் பட்டை தீட்டிக் கொடுத்தன. வேடிக்கை என்னவென்றால், இளஞ்சிவப்பும் பழுப்பும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பூமிக்கடியில் அழுத்தம் படிகத்தின் கட்டமைப்பை வளைக்கிறது. அளவாக வளைந்தால் இளஞ்சிவப்பு, மிஞ்சினால் பழுப்பு.

சிவப்பு நிஜமாகவே அபூர்வம். அறியப்பட்ட பட்டை தீட்டிய சிவப்புக் கற்களில் மிகப் பெரிய மூசாயெஃப் ரெட், 5.11 கேரட்தான். பச்சையும் அப்படியே: கல்லின் அருகே இருந்த கதிரியக்கப் பாறையோ நீரோ பூசிய நிறம் பெரும்பாலும் மேல்தோலோடு நின்றுவிடும். பட்டை தீட்டும்போது போய்விடும். ட்ரெஸ்டன் நகரில் இருக்கும் சுமார் 41 கேரட் பச்சை வைரம் போல உள்வரை பச்சையாக இருப்பது அதிசயம்.

நம்பிக்கை: சுத்தமும் எடையும்தான் விலையைத் தீர்மானிக்கும்.

வெள்ளைக் கல்லுக்கு ஓரளவு சரி. நிறக் கல்லில் நிறம்தான் முதலாளி. வெள்ளை வைரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து நிறம் பார்ப்பார்கள், பட்டையின் மினுமினுப்பு கண்ணை ஏமாற்றாமலிருக்க. நிற வைரத்தை நிமிர்த்தி வைத்தே பார்ப்பார்கள். பட்டையால் நிறம் கூடினால் அது கல்லின் வரவு. 35.56 கேரட் விட்டல்ஸ்பாக் என்ற பழம்பெரும் நீல வைரத்தை வைர வியாபாரி லாரன்ஸ் கிராஃப் வாங்கி மறுபடி தீட்டி 31.06 கேரட்டாகக் குறைத்தார். சான்றிதழில் இருந்த 'சாம்பல் கலந்த' என்ற அடைமொழி போய், வெறும் நீலம் ஆனது. சரித்திரத்தைச் சிதைத்துவிட்டார் என்று பலர் கோபப்பட்டார்கள். எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு. ஆனால் நான்கரை கேரட்டைத் தூளாக்கத் துணியும் அளவுக்கு நிறத்துக்கு மதிப்பு என்பது தெரிகிறது.

நம்பிக்கை: வாங்கி வைத்தால் விலை ஏறிக்கொண்டே இருக்கும்.

ஏலச் செய்திகளைப் படித்து வரும் மயக்கம் இது. 0.95 கேரட் ஹான்காக் ரெட் 1987-இல் 8,80,000 டாலருக்குப் போனது நிஜம். 59.60 கேரட் பிங்க் ஸ்டார் கதையையும் கேளுங்கள். 2013-இல் ஜெனீவாவில் சுமார் 83 மில்லியன் டாலருக்கு ஏலம் போனது. எடுத்தவரால் பணம் கட்ட முடியவில்லை. 2017-இல் ஹாங்காங்கில் மறுபடி ஏலத்துக்கு வந்து 71.2 மில்லியனுக்கு விற்றது. அப்பேர்ப்பட்ட கல்லுக்கே வாங்க ஆள் தேட வேண்டியிருக்கிறது. நம் அரை கேரட் மஞ்சள் மோதிரத்தை விற்கப் போனால் கடைக்காரர் சொல்வதுதான் விலை.

நம்பிக்கை: இயற்கை நிறத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

முடியவே முடியாது. கதிர்வீச்சில் வைத்துப் பச்சையாகவும் நீலமாகவும் ஆக்கலாம். அதிக அழுத்தத்திலும் வெப்பத்திலும் வைத்து நிறத்தை மாற்றலாம். ஆய்வகத்தில் வளர்த்த நிற வைரங்களும் ஏராளமாக வருகின்றன, இயற்கைக் கல்லின் விலையில் சிறு பங்குக்கு. கறுப்பு வைரம் என்று சந்தையில் விற்பவற்றில் பெரும்பாலானவை சூடேற்றிக் கறுப்பாக்கியவை. பச்சைக் கல் சிலவற்றில் ஆய்வகமே நிறத்தின் மூலத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிடும்.

வாங்கப் போகிறவர்களுக்கு: சான்றிதழில் நிறத்தின் மூலம் 'நேச்சுரல்' என்று இருக்கிறதா பாருங்கள். நிறப் பெயரில் கடைசிச் சொல்தான் கல்லின் முதன்மை நிறம். 'பிரவுனிஷ் யெல்லோ'வுக்கு வெறும் 'யெல்லோ' விலை கொடுக்காதீர்கள். சான்றிதழ் எண்ணை ஜி.ஐ.ஏ. இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். திருப்பிக் கொடுத்தால் எத்தனை சதவீதம் தருவார்கள் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.