டாக்டரிடம் வேலையைச் சொல்லுங்கள்

லாரிக்குப் பேட்டரி வேண்டும். டிராக்டருக்கும் வேண்டும். தில்லி, பாட்னா, கொல்கத்தா தெருக்களில் பேட்டரி ரிக்‌ஷாக்கள் ஓடுகின்றன. இவற்றில் பெரும்பாலும் ஈயப் பேட்டரிகளே உள்ளன. ஈயப் பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம்தான்.

பேட்டரி பழையதானால் அதை உடைக்கிறார்கள். உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கி எடுக்கிறார்கள். பெரிய தொழிற்சாலைகளில் இந்த வேலை நடக்கிறது. சிறு கொட்டகைகளிலும் நடக்கிறது. பல குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில் இது.

எந்த ஈயம்?

பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதை நாம் பார்த்திருக்கிறோம். அது வெள்ளீயம். பேட்டரியில் இருப்பது காரீயம். காரீயம் நஞ்சு. நம் உடம்புக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

உடம்புக்குள் எப்படிப் போகிறது?

பேட்டரியை உடைக்கும்போது தூசி பறக்கிறது. ஈயத்தை உருக்கும்போது புகை எழுகிறது. இரண்டும் மூச்சோடு உள்ளே போகின்றன. கையில் ஒட்டிய தூசி சோற்றோடும் பீடியோடும் வாய்க்குள் போகிறது. ஈயம் ரத்தத்தில் கலக்கிறது. பிறகு எலும்பில் தங்குகிறது. பல ஆண்டுகள் அங்கேயே இருக்கும்.

என்ன கெடுதல்?

ஒரே நாளில் தெரியாது. முதலில் சோர்வு, தலைவலி வரும். வயிறு சுருட்டிப் பிடிக்கும். மலச்சிக்கல், ரத்தசோகை உண்டாகும். நஞ்சு மிகுந்தால் சிறுநீரகம் கெடும். மணிக்கட்டு வலுவிழந்து தொங்கும். கர்ப்பிணிக்குக் கரு கலையலாம்.

வேலை செய்த சட்டையோடு வீட்டுக்குப் போனால் தூசியும் கூடவே போகும். குழந்தையின் மூளை வளரும் மூளை. சிறிதளவு ஈயமும் அதைக் கெடுக்கும். குழந்தையின் கவனமும் படிப்பும் குறையும். கெட்டதைச் சரிசெய்ய மருந்து இல்லை.

டாக்டரிடம் என்ன சொல்வது?

சோர்வும் வயிற்றுவலியும் யாருக்கும் வரும். டாக்டர் வயிற்றுப்புண் என்று நினைக்கலாம். சத்து மாத்திரை கொடுக்கலாம். நம் வேலை தெரிந்தால்தான் ஈயம் அவர் நினைவுக்கு வரும்.

ரமாசினி இத்தாலி நாட்டு டாக்டர். 1700-ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றி நூல் எழுதினார். நோயாளி என்ன வேலை செய்கிறார் என்று டாக்டர்கள் கேட்க வேண்டும் என்றார். டாக்டர் கேட்காவிட்டாலும் நாம் சொல்வோம்:

"ஐயா, நான் பேட்டரி உடைக்கும் வேலை செய்கிறேன். என் ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்."

100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோ கிராம் ஈயம் இருந்தாலே, அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துத் தடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இப்படிச் சொன்னது. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால், அதில் ஒரு பங்குதான் மைக்ரோ கிராம்.

எப்படித் தடுப்பது?

• வேலை செய்யும் இடத்தில் சாப்பிடாதீர்கள். பீடி குடிக்காதீர்கள்.
• சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.
• குளித்து, வேறு உடை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.
• வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.
• வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதீர்கள். வெறும் வயிற்றில் ஈயம் அதிகமாகச் சேரும்.

மூக்கில் துண்டு கட்டினால் போதாது. ஈயப் புகை துண்டுக்குள் புகுந்துவிடும். பாலும் வெல்லமும் நல்ல உணவு. ஆனால் அவை ஈயத்தை வெளியேற்றிவிடாது. புகையை இழுக்கும் குழாய், சரியான முகமூடி, குளிக்கத் தண்ணீர் ஆகியவற்றை முதலாளி தர வேண்டும். சேர்ந்து கேட்டால் குரல் கேட்கும்.

சட்டம் நம் பக்கம்

ஈய நஞ்சு ஒரு தொழில் நோய். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே இதை ஏற்றது. இழப்பீடு கேட்கும்போது, நோய் வேலையால் வந்தது என்று காட்ட டாக்டர் சீட்டு உதவும். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அதில் உங்கள் வேலை எழுதப்பட்டிருக்கிறதா? இப்போது நீங்களே படித்துப் பார்க்கலாம்.

கலந்து பேசுவோம்

1. காரீயம் எந்த வழிகளில் உடம்புக்குள் போகிறது?
2. வேலைத் துணியை ஏன் தனியாகத் துவைக்க வேண்டும்?
3. உங்கள் வேலையில் எந்தத் தூசி, எந்தப் புகை வருகிறது? எழுதிப் பாருங்கள்.