கண்புரை அறுவையும் கருவிழிப் படலமும்

கண்புரை நன்கு முற்றிய பின்னரே அறுவை செய்துகொள்ள வேண்டும் என்னும் எண்ணம் நம் பெரியோர் பலரிடம் உண்டு. அது பழைய அறுவை முறைக்குரிய எண்ணம். இன்று அது கேடே விளைவிக்கும்.

கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் அமைந்திருப்பது கருவிழிப் படலம். அதன் உட்புறத்தே ஒற்றை வரிசையாய் உள்ள உயிரணுக்கள், படலத்துள் ஊறும் நீரை ஓயாது வெளியேற்றி அதனைத் தெளிவாக வைத்திருக்கின்றன. நலமான கண்ணில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 2,500 அணுக்கள் இருக்கும். அழிந்தவை மீண்டும் தோன்றுவதில்லை. சுமார் 500க்குக் கீழே இறங்கினால் படலம் வீங்கி வெளுத்துவிடக்கூடும்.

புரையை உடைக்கும் ஒலியலை இவ்வணுக்களிலும் சிலவற்றை அழிக்கிறது. புரை இறுக இறுக அலையும் மிகுதியாக வேண்டும். ஆதலால் மருத்துவர் கூழ்போன்ற தெளிந்த மருந்தைக் கண்ணுள் செலுத்தி, படலத்தின் உட்புறத்தைப் போர்த்திக் காக்கிறார்.

வியன்னா மருத்துவர் எர்ன்ஸ்ட் ஃபூக்ஸ் 1910இல் விவரித்த நோய் உடையோர்க்கு இவ்வணுக்கள் முன்னரே குறைந்திருக்கும். விடியலில் பார்வை மங்கி, வெயில் ஏற ஏறத் தெளிவது அதன் அடையாளம். இமை மூடி உறங்குகையில் நீர் ஆவியாகாது தேங்குவதே காரணம். பால்வெட்டச் செல்வோர் இதனைப் பனிமூட்டம் என்றே எண்ணிவிடக்கூடும்! இதனையும், முன்பு கண்ணில் பட்ட அடியையும் அறுவைக்கு முன்னரே மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். அணுக்களை எண்ணிக் காட்டும் கருவி உண்டு, வலியில்லாத சோதனைதான்.